கோப்பியைக் கொன்ற கை

"ஐயோ... கோப்பீ...!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அந்த அலறலில் தோட்டத்து லயத்தின் பத்து வரிசை வீடுகளும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தன.

குழாயடியில் கோப்பி கிடந்தான்.

கறுப்பு நிறம். ஆறு வயது. கால்கள் விறைத்து, நாக்கு வெளியே தள்ளி, வாயோரம் நுரை காய்ந்து... போய்ச் சேர்ந்து நெடுநேரம் ஆகியிருந்தது. கழுத்தில் ஒரு வெள்ளை நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அவன் தம்பி மைலோ. பழுப்பு நிறம். உயிர் இருந்தது. ஆனால் நின்ற இடத்திலேயே தள்ளாடினான். எச்சில் வழிந்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு, அலறி நின்ற பஞ்சாலையை நிமிர்ந்து பார்த்தான்.

அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை!

பஞ்சாலைக்கு வயது அறுபத்தொன்று. கோலா பிலாவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே புருஷனைப் பறிகொடுத்தவள். மகள் ரோகினி சிங்கப்பூரில். வாரத்துக்கு ஒரு போன். மற்ற ஆறு நாளும் அவள் பேசியது, திட்டியது, கொஞ்சியது எல்லாம் இந்த இரண்டு நாய்களிடம்தான். சோறு வடித்தால் மூன்று தட்டு வைப்பாள்.

இன்றைக்கு ஒரு தட்டு குறைந்துவிட்டது. இன்னொன்றும் குறையப் போகிறதா...?

அழுகை சட்டென்று நின்றது. வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பாராங்கத்தி!

நேராகப் பக்கத்து வீட்டு வேலிக்குப் போனாள்.

"டேய் சன்னாசி! வெளிய வாடா!"

சன்னாசிக்கு அறுபத்து நான்கு. முப்பது வருடம் தோட்டத்துக்கு மருந்தடித்தவர். இப்போது வாசல் நிறையப் பூச்சட்டி வளர்த்து பாசார் சந்தையில் விற்கிறவர். அந்தச் சட்டிகளைத் தோண்டிக் கவிழ்ப்பதுதான் கோப்பிக்கும் மைலோவுக்கும் பிடித்த விளையாட்டு. அதனால் இரண்டு வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் கோயில் திருவிழாவில் ஊரே கேட்க அவர் கத்தியிருந்தார்: "பாருங்க, ஒரு நாளைக்கு இல்லன்னா ஒரு நாளைக்கு ரெண்டுக்கும் வழி பண்ணிடறேன்!"

மருந்து பழகிய கை. மிரட்டிய வாய். செத்த நாய். ஊர் தீர்ப்பு எழுத வேறென்ன வேண்டும்?

வாயில் பற்பசை நுரையோடு சன்னாசி வெளியே வந்தார்.

"என்னா பஞ்சாலை... என்னாச்சு?"

"தெரியாத மாதிரி கேக்கறான் பாரு! எம் புள்ளைங்களுக்கு நீதானே மருந்து வெச்சே?"

"மருந்தா...? யாருக்கு? கோப்பிக்கா?"

"செத்துட்டான்டா! இப்ப சந்தோஷமா உனக்கு?"

சன்னாசியின் கையிலிருந்து பிரஷ் நழுவியது.

கத்தி உயர்ந்தது!

"கீழ போடுங்கம்மா அதை!"

போலீஸ் சார்ஜன் அர்ச்சுனன். தோட்ட முனைக் கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தவரைக் கடைக்காரர் பாதியிலேயே கிளப்பி அனுப்பியிருந்தார். விரலில் இன்னும் பருப்புக்கறி காயவில்லை.

கத்தியைப் பிடுங்கினார். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"கொலைன்னு சொன்னாங்க. செத்தது யாரு?"

"கோப்பி, சார்."

"முழுப் பேரு?"

"அவன் நாய், சார்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சார்ஜன் நோட்டை மூடப் போனார். பஞ்சாலை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாய்னா கேஸ் இல்லையா, சார்? ஆறு வருஷம் சோறு ஊட்டி வளத்தேன். எம் புள்ளை சார் அவன்!"

நோட்டு மூடவில்லை.

"கேஸ்தான்மா. விஷம் வெச்சா கேஸ்தான். ஆனா செத்தவனை அப்புறம் பார்ப்போம். உசுரோட ஒருத்தன் நிக்கிறான்லா... மொதல்ல அவனைப் பார்ப்போம்."

சிரம்பான் ரஹாங்கில் கிளினிக் வைத்திருக்கும் மிருக டாக்டர் குமுதினியை அவருக்குத் தெரியும். போனைப் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"டாக்டர், நாய்க்கு விஷம். ஒண்ணு போச்சு. ஒண்ணு இருக்கு."

"என்ன விஷம்?"

"தெரியலையே."

"கண்டுபிடிங்கோ சார்ஜன், அதுதானே உங்கட வேலை! நாயை வெச்சிருக்கிற அம்மா எங்கே? அம்மா, வாயைத் திறந்து பாருங்கோ. உள்ளே புண் இருக்கா?"

"இல்லீங்க, டாக்டரம்மா."

"அப்ப புல்லுக்கு அடிக்கிற மருந்து இல்லை. மூக்குல, ஈறுல ரத்தம்?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப எலி மருந்து மாதிரியும் இல்லை. நெஞ்சுல கை வெச்சு எண்ணுங்கோ. ஒரு நிமிஷம்."

லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சாலையின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"முப்பத்தெட்டு..."

மறுமுனையில் டாக்டர் பதறினார்.

"இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லையே! இது நெஞ்சைப் பிடிக்கிற விஷம். எனக்கென்னவோ ஏதோ செடின்னு தோணுது. என்ன செடின்னு தெரியாம நான் மருந்தை ஏத்தினா, அந்த மருந்தே இவனைக் கொன்னுடும். கெதியா கொண்டு வாங்கோ! வந்து சேர்றதுக்குள்ள இவன் என்ன தின்னான்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் பால், முட்டை, எண்ணெய்னு ஒண்ணும் ஊத்திடாதீங்கோ!"

யாரோ கொண்டுவந்து நீட்டிய பால் கிண்ணத்தைப் பஞ்சாலை தள்ளிவிட்டாள்.

செடி...!

அத்தனை கண்களும் சன்னாசியின் பூச்சட்டிகள் மேல் போய் விழுந்தன.

சார்ஜனின் மோட்டார் சைக்கிளை விட்டால், அந்த நேரத்தில் லயத்தில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதுவும் சன்னாசியின் வேன்!

"கொலைகாரன் வண்டில நான் ஏற மாட்டேன்!"

"நீ ஏறலன்னா அவன் செத்துடுவான், பஞ்சாலை..." சன்னாசி வேன் கதவைத் திறந்துவிட்டார்.

ஏறினாள்.

கோப்பியின் மேல் அவளுடைய பழைய சேலை ஒன்றைப் போர்த்திவிட்டு வேன் கிளம்பியது. ஸ்டேரிங்கில் சன்னாசி. பக்கத்தில் சார்ஜன். பின்னால் மண் மூட்டைகளுக்கு நடுவே பஞ்சாலை. அவள் மடியில் மைலோவின் தலை.

சந்தேக நபரே வண்டி ஓட்ட, போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்த கேஸ் இது ஒன்றுதான் இருக்கும்.

"உங்க வாசல்ல நாய்க்கு ஆகாத செடி என்னென்ன இருக்கு?"

"கெலாடி இருக்கு. அடினியம் நாலு சட்டி. சைக்கஸ் மூணு இருந்துச்சு, இப்ப இல்ல."

"ஆகாதுன்னு எப்படித் தெரியும்?"

"போன்ல தேடிப் பார்த்தேன், சார்."

"எதுக்குத் தேடினீங்க? எது கொல்லும்னு பாக்கவா?"

சன்னாசி பாதையைப் பார்த்தபடியே கியரை மாற்றினார். கோலா பிலா பின்னால் போய்விட்டது. புக்கிட் புத்துஸ் மலையேற்றம் ஆரம்பமானது.

"பேசுங்க! பின்னால ஒரு உசுரு போய்க்கிட்டிருக்கு!"

"சைக்கஸ் விதையைத் தின்னா நாய் பிழைக்கிறது கஷ்டம்னு போட்டிருந்துச்சு, சார். அன்னிக்கே மூணையும் வேரோட தோண்டி லோரியில ஏத்தி அனுப்பிட்டேன். பதினஞ்சு வருஷம் வளத்த மரம். கெலாடியை எல்லாம் கூரையில கட்டித் தொங்க விட்டேன். அடினியம் மேல் தட்டுல இருக்கு. கீழ ரோஜாவும் செம்பருத்தியும்தான். தோண்டினா தோண்டிட்டுப் போவட்டும்... தின்னுடக் கூடாதில்ல?"

"பொய்!" பின்னாலிருந்து சீறினாள் பஞ்சாலை. "கோயில்ல நீ கத்தினது ஊருக்கே தெரியும்!"

"வாய்தான் கத்துச்சு, பஞ்சாலை. நாலு மணி ஆனா ரெண்டும் எங்கிட்டதான் வரும். ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். மூணு வருஷமா... உனக்குத் தெரிஞ்சா நீ விட மாட்டியேன்னுதான் சொல்லல."

"சார்! கேட்டுக்கிட்டீங்களா? பிஸ்கட்ல வெச்சிருக்கான்! அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

பாவம் சன்னாசி! மூன்று வருடம் ஒளித்து வைத்த பாசம், வெளியே வந்த அதே நிமிடத்தில் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"நேத்தும் குடுத்தீங்களா?" சார்ஜனின் குரல் கடுமையானது.

"நேத்து வரல, சார். ஆறு மணி வரைக்கும் வேலிகிட்ட நின்னு பார்த்தேன். ரெண்டும் வரவே இல்ல."

சார்ஜன் பின்னால் திரும்பினார்.

"ஏம்மா வரல?"

"நான்தான் கட்டிப் போட்டிருந்தேன். நேத்து தேய்பிறை அஷ்டமி இல்ல? பைரவருக்கு வேண்டுதல் வெச்சிருந்தேன்."

"என்ன வேண்டுதல்?"

"போன மாசம் கோப்பிக்குக் காய்ச்சல், சார். மூணு நாள் ஒரு வாய் சோறு எடுக்கல. அவன் பிழைச்சா பைரவருக்கு மாலை சாத்தி, அவரோட வாகனம்தானே இதுங்க, இதுங்க ரெண்டுக்கும் மாலை போடறேன்னு வேண்டிக்கிட்டேன். பிழைச்சிட்டான்..." அழுகைக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "நானே பூப் பறிச்சு நானே கட்டினேன். ஒரு கொத்துப் பூ, ஒரு வடை... ஒரு கொத்துப் பூ, ஒரு வடைன்னு. கழுத்து நிறைய! ரோகினிக்குப் படம் அனுப்பினேன். இந்தாங்க பாருங்க."

போனை நீட்டினாள்.

இரண்டு நாய்கள். கழுத்திலிருந்து மார்பு வரை சிவப்புப் பூ. கோப்பி வாயைத் திறந்து சிரிப்பது போலவே இருந்தான்.

"மாப்பிள்ளைங்க மாதிரி இல்ல, சார்?"

சன்னாசி ஓரக்கண்ணால் அந்தப் படத்தைப் பார்த்தார்.

வேன் ஆடியது! எதிரே வந்த லோரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.

"மாலையை அப்புறம்... கழட்டிட்டியா, பஞ்சாலை?"

"சாமிக்குப் போட்ட மாலையை யாராச்சும் கழட்டுவாங்களா? அப்படியே அவுத்து விட்டுட்டேன். காலைல பார்த்தா வெறும் நூலுதான் இருந்துச்சு. வடைக்கு ஆசைப்பட்டு எல்லாத்தையும் முழுங்கிட்டானுங்க, திருட்டுப் பயலுங்க. கோப்பிதான் நெறைய தின்னிருப்பான். தம்பியோடதையும் புடுங்கித் தின்பான் அவன்..."

சொல்லிவிட்டு மைலோவின் காதைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை!

வேன் ஓரமாக நின்றது.

"டயர்ல ஏதோ சத்தம், சார். கொஞ்சம் இறங்கி வாங்க."

இருவரும் முன்பக்கமாக வந்தார்கள். சன்னாசி குரலைத் தாழ்த்தினார்.

"சார்... அது செவ்வரளி."

"அதனால?"

"பூ, இலை, தண்டு, அதை ஊற வெச்ச தண்ணி... எல்லாமே விஷம், சார். நெஞ்சைத்தான் புடிக்கும். அந்தச் செடியை நான் வாசல்ல வெச்சதே இல்ல. கோயில் பின்னால இருக்கு, அங்க பறிச்சிருக்கா. பைரவருக்கு ரொம்பப் பிடிச்ச பூ அதுதான். சாமிக்கு ஆவும். நாய்க்கு ஆவாதே, சார்..."

சார்ஜன் கண்ணாடி வழியாக வேனுக்குள் பார்த்தார். பஞ்சாலை முந்தானையால் மைலோவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோப்பியைக் கொன்ற கை... அந்தக் கைதான்!

அவசரமாகப் போனைப் போட்டார்.

"டாக்டர்! அரளி! செவ்வரளிப் பூ. நேத்து சாயந்திரம், ஒரு முழு மாலை."

"அரளியா...! நல்ல வேளை சொன்னீங்கோ. எல்லாம் எடுத்து வைக்கிறேன். நிக்காம வாங்கோ!"

சார்ஜன் வண்டியில் ஏறப் போனார். சன்னாசி அவர் சட்டையைப் பிடித்தார்.

"சார், ஒரு உதவி. அவகிட்ட சொல்லாதீங்க. நான்தான் வெச்சேன்னு இருக்கட்டும்."

"யோவ்! என்ன பேசறீங்க? கோர்ட்டு, ஜெயிலுன்னு போயிடும்லா!"

"போவட்டும். என்னை வெறுக்க அவளுக்கு மூணு வருஷப் பழக்கம் இருக்கு, சார். இன்னும் கொஞ்சம் வெறுத்தா எனக்கு என்ன கொறைஞ்சிடும்? அவளே அவளை வெறுக்க ஆரம்பிச்சான்னா... அந்த வீட்ல அவளைத் தேத்த யாரு சார் இருக்கா?"

சார்ஜன் நோட்டைச் சட்டைப் பைக்குள் செருகினார்.

சன்னாசி வேனில் ஏறினார். பின்னால் திரும்பினார்.

"பஞ்சாலை... நான்தான் வெச்சேன். பிஸ்கட்ல. எலி மருந்து."

பளார்!

ஒன்று. இரண்டு. மூன்று. சன்னாசி முகத்தைத் திருப்பவே இல்லை.

"பாவி! வாயில்லா ஜீவன்டா அது! மைலோவுக்கு ஏதாச்சும் ஆனா உன்னை உசுரோட விட மாட்டேன்!"

"சரி," என்றார் சன்னாசி. கன்னத்தில் விரல்கள் பதிந்திருக்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரம்பான் வரைக்கும் ஓட்டினார்.

ரஹாங் கிளினிக்.

மைலோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அரை மணி நேரம்... ஒரு மணி நேரம்... இரண்டு...!

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பஞ்சாலை. வாசலுக்கு அந்தப் பக்கம், வேன் நிழலில், குத்துக்காலிட்டு சன்னாசி. முதலில் அழுதுகொண்டிருந்த பஞ்சாலை பிறகு அழவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு டாக்டர் குமுதினி வெளியே வந்து சார்ஜனை ஓரமாக அழைத்தார்.

"நெஞ்சு எழுபத்தஞ்சுக்கு வந்திட்டுது. பிழைச்சிடுவான். இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும், நாளைக்குக் கூட்டிப் போகலாம்."

"அப்பாடா!"

"அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாது. வெளிய உட்கார்ந்திருக்காரே, அவரு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. சொல்ல வேணாம்னு கெஞ்சறாரு, டாக்டர்."

"நல்ல மனுஷன்தான். ஆனா அடுத்த அஷ்டமிக்கு அவ திரும்பவும் அதே பூவை எடுத்து மாலை கட்டுவாவே? அப்ப மைலோவை யார் காப்பாத்துறது?"

சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டி சாவுச் செய்தி சொல்லியிருக்கேன், டாக்டர். இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

"சொல்ல வேணாம், சார்."

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

பஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள்!

"எலி மருந்து மாதிரி இல்லன்னு டாக்டரம்மா காலைலயே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு அவரு எலி மருந்துன்னாரு? நேத்து ரெண்டும் அவர்கிட்ட போகவே இல்ல, நான்தானே கட்டி வெச்சிருந்தேன்? அதையே யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் படிக்க வராது, சார். படம் தெரியும்."

அவள் விரல் சுவரைக் காட்டியது.

நாய்க்கு ஆகாத செடிகள் என்று ஒரு பெரிய படம். வரிசை வரிசையாகப் பூவும் இலையும். மேல் வரிசையில் சிவப்பாக ஒரு பூங்கொத்து. அதன் பக்கத்தில் மண்டை ஓடு.

"நான் பறிச்ச பூ, சார் அது..."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டேனே! பிழைச்சவன் கழுத்துல நானே விஷத்தைக் கட்டி விட்டேனே! மாலை போடறப்போ வாலை வாலை ஆட்டினான் சார்... என் கையை நக்கினான் சார்...!"

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சார்ஜன் எங்கேயோ பார்த்தார்.

சன்னாசி மெதுவாக உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே..." மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. "உங்களைக் கை நீட்டி அடிச்சுட்டேனே, அண்ணே!"

"அட விடும்மா. வலிக்கவே இல்ல."

"கோப்பி அங்க தனியாக் கிடக்கிறான்..."

"போயி நல்லபடியா அடக்கம் பண்ணுவோம். என் வாசல்லயே வெச்சிடலாம். அவன் தோண்டின குழி அங்க எத்தனையோ இருக்கு. மேல ரோஜா நடுவோம். மைலோ போயி மோந்து பார்த்தாலும் ரோஜா ஒண்ணும் பண்ணாது."

அதற்கு அவள் இன்னும் அதிகமாக அழுதாள். அவரும் அழுதார்.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக சார்ஜன் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"கேஸ்னு சொன்னீங்கல்ல, சார்? கொன்னது நான்தான். என்னைப் புடிச்சிட்டுப் போங்க."

சன்னாசி பாய்ந்து வந்தார்.

"இல்ல, சார்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. போலீஸ்கிட்ட பொய் சொன்னது நானு. என்னைப் புடிங்க!"

அவரும் இரண்டு கையை நீட்டினார்.

கண் முன்னால் நான்கு கைகள். சார்ஜன் அர்ச்சுனன் மூக்கை உறிஞ்சினார். தொண்டையைச் செருமினார். தொப்பியை நேராக மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கையை உள்ள இழுங்க! ரெண்டு பேரையும் பூட்டிட்டா நாளைக்கு வந்து மைலோவை யாரு தூக்கிட்டுப் போறது? எனக்கு நாய்ன்னாலே கை காலு உதறும்லா!"